வீட்டில் பாலியேட்டிவ் கேரில் இருக்கும் அப்பாவுக்கு நேற்றிலிருந்து திடீர்க் குழப்பம், கை கால் வெட்டி இழுக்கிறது. என்ன செய்வது?

தடப்பள்ளி:

எல்லோருக்கும் வணக்கமுங்க. கோபிக்குப் பக்கத்தில் தோட்டத்தில் குடியிருக்கிறோம். அப்பாவுக்கு 76 வயசு. புராஸ்டேட் புற்றுநோய், இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் பரவிவிட்டது. இனிமேல் நோய்க்கு வைத்தியம் பார்த்துப் பலனில்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் சொல்லி, வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் கேர் குழுவிடம் சேர்த்துவிட்டார். வாரம் ஒருமுறை நர்ஸ் வருவார். வலிக்கு மார்பின் மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒன்று, மலம் இளக சிரப், காலையில் டெக்சா என்கிற ஸ்டீராய்டு மாத்திரை. இவ்வளவுதான் மருந்து. போன வாரம் வரை அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மஞ்சள் என்ன விலை போகிறது, வாய்க்காலில் தண்ணீர் விட்டார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்தான்.

நேற்று சாயங்காலத்திலிருந்து ஆளே மாறிவிட்டார். பொழுது இறங்கியதும் "மடைய மாத்தோணும், தண்ணி வீணாப் போகுது" என்று எழுந்து எழுந்து போகப் பார்க்கிறார். காலில் பலம் இல்லை, பிடித்துப் படுக்க வைத்தால் கோபம் வருகிறது. அம்மாவைப் பார்த்து "நீ யாரு ஆத்தா" என்று கேட்டுவிட்டார். அம்மா அதிலிருந்து சோறு கூடத் தொடவில்லை. இறந்து பல வருஷமான பெரியப்பா வாசலில் நிற்கிறார், உள்ளே கூப்பிடு என்கிறார். வேட்டியை அவிழ்த்து அவிழ்த்து எறிகிறார், அடிவயிற்றைப் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறார். இடையிடையே கையும் காலும் திடீரென்று வெட்டி இழுக்கிறது. வலிப்பு மாதிரி தொடர்ச்சியாக இல்லை, ஒரு வெட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வெட்டு. ராத்திரி முழுக்க யாருக்கும் தூக்கம் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் நர்ஸம்மாவின் போன் கிடைக்கவில்லை, முயற்சி செய்துகொண்டே இருக்கிறேன். அதற்குள் வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மார்பின்தான் மூளையைக் கெடுத்துவிட்டது, உடனே நிறுத்து என்கிறார் சித்தப்பா. கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் ஐசியூவில் சேர்க்கலாம், காசு பற்றி யோசிக்காதே என்கிறார் மாமா. அத்தை, செத்துப்போன அண்ணனே வந்து கூப்பிடுகிறார், இனி நாள் இல்லை, சொந்தபந்தத்துக்குச் சொல்லிவிடலாம் என்கிறார். எல்லோரும் அப்பா மேல் இருக்கிற பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எனக்குத் தலை சுற்றுகிறது.

இது கடைசி நேரத்தின் அறிகுறியா? மார்பினை நிறுத்தலாமா? ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா? இன்னொன்று, முக்கியமா என்று தெரியவில்லை: வியாழக்கிழமை அப்பாவுக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகியது, மாமா மெடிக்கலில் சொல்லி சளி மாத்திரை வாங்கிக் கொடுத்தார். அது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.


காவிரிக்கரை நர்ஸ்:

தம்பி, நான் பவானிப் பக்கம் வீட்டுக்கு வீடு போய் இந்த மாதிரி நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ். அப்பாவை நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி: அப்பா கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனார்?

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தொப்புளுக்குக் கீழே கையை வைத்து மெதுவாக அழுத்துங்கள். அங்கே பந்து மாதிரி கெட்டியாக, தொட்டால் முகம் சுளிக்கிற மாதிரி இருந்தால் மூத்திரப்பை நிறைந்து அடைத்திருக்கிறது. புராஸ்டேட் நோயில் இது சர்வ சாதாரணம். சளி மாத்திரையில் பெரும்பாலும் அலர்ஜிக்கான மருந்தும் மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்திருக்கும். இரண்டுமே வயதான ஆண்களுக்கு மூத்திரத்தை அடைக்க வைக்கும். அலர்ஜி மருந்து போதாக்குறைக்கு மண்டையையும் குழப்பும். அந்த மாத்திரையை இனிக் கொடுக்க வேண்டாம், அட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், டாக்டர் கேட்பார். வேட்டியை அவிழ்ப்பதையும் அடிவயிற்றைப் பிடிப்பதையும் எல்லோரும் "புத்தி பேதலித்துவிட்டது" என்பார்கள். வாயால் சொல்ல முடியாத மனுசன் வலிக்கிற இடத்தைக் கையால் காட்டுகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது, இதைவிட அவசரம். அப்பா இரண்டு காலையும் படுக்கையிலிருந்து தூக்குகிறாரா? போன வாரம் இருந்த பலம் இப்போது இருக்கிறதா? முதுகில் புதிதாக வலி, சுற்றிக் கட்டின மாதிரி இறுக்கம், தொடையில் மரமரப்பு ஏதாவது உண்டா? முதுகெலும்பில் கட்டி இருப்பவருக்குக் காலில் பலம் போவதும் மூத்திரம் நிற்பதும் சேர்ந்து வந்தால் தண்டுவடம் நசுங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அது பாலியேட்டிவ் நோயாளிக்கும் அவசரம்தான். அன்றைக்கே டாக்டரிடம் பேசியாக வேண்டும், டெக்சா ஊசியும் கதிர்வீச்சும் ஒரு நாளுக்குள் ஆரம்பித்தால்தான் மிச்சமிருக்கிற நடை தங்கும். கால் போன வாரம் மாதிரியே இருக்கிறது என்றால் கொஞ்சம் ஆறுதல்.

அப்புறம் காய்ச்சல் பாருங்கள். கடைசியாக எப்போது மலம் போனார் என்று அம்மாவிடம் கேளுங்கள், மலம் கல்லாக இறுகி அடைத்துக்கொண்டாலும் பெரியவர்கள் இப்படித்தான் தடுமாறுவார்கள். தெருவில் யாரிடமாவது சர்க்கரை பார்க்கிற மிஷின் இருக்கும், ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள், டெக்சா சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஏறும்.

மார்பினைப் பற்றி. நீங்களாக நிறுத்த வேண்டாம். சட்டென்று நிறுத்தினால் அடங்கியிருந்த எலும்பு வலி மொத்தமாகத் திரும்பும், உடம்பும் பழகியிருப்பதால் வேர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு என்று படுத்தும், குழப்பம் இன்னும் கூடும். ஆனால் சித்தப்பா சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. அந்த வெட்டு வெட்டென்று இழுக்கிறதைச் சொன்னீர்களே, அது உடம்பில் மார்பின் தேங்கும்போது வருவது. மார்பினுடைய கழிவு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். மூத்திரம் அடைத்தால் சிறுநீரகம் திணறும், கழிவு தேங்கும், போன மாதம் சரியாக இருந்த அதே அளவு இந்த வாரம் அதிகமாகிவிடும். அளவைக் குறைப்பதா, இடைவெளியைக் கூட்டுவதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை டாக்டர் சொல்லட்டும். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னாலேயே எப்படியாவது அவரிடம் பேசுங்கள். தட்டி எழுப்பினாலும் எழாத தூக்கம், நிமிஷத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு என்று ஆனால் அந்த வேளை கொடுக்காமல் உடனே கூப்பிடுங்கள்.

குழுவின் நம்பர் கிடைக்காவிட்டால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேளுங்கள். 2021-இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வட்டாரத்துக்கு ஒரு பாலியேட்டிவ் நர்ஸ் இருக்கிறார். மூத்திரம் அடைத்திருந்தால் குழாய் போட கோயமுத்தூர் போக வேண்டியதில்லை, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே போடுவார்கள். நாளை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், பை நிறைந்த வேதனை பெரிய வேதனை.

பார்த்துவிட்டு எழுதுங்கள் தம்பி.


நொய்யல் மைந்தன்:

நர்ஸம்மா சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. "பாலியேட்டிவ் கேரில் இருக்கிறார்" என்றதும் என்ன வந்தாலும் "வயசாச்சு, நோய் முத்திருச்சு" என்று விட்டுவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. என் பெரியப்பாவுக்குக் குடல் புற்றுநோய். இதே மாதிரி ஒரு நாள் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார், காய்ச்சலும் குளிரும் இருந்தது. காங்கேயத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். பக்கத்து டாக்டர் பார்த்துவிட்டு இது மூத்திரத்தில் கிருமி, ஊசி போட்டால் அடங்கும் என்றார். அடங்கியது. அதற்கப்புறம் பேத்தி கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதனால் மாமா சொல்கிற மாதிரி ஐசியூ வேண்டாம் என்றாலும், ஆஸ்பத்திரி என்ற வார்த்தையே கூடாது என்று இருந்துவிடாதீர்கள். அரை நாள் போய் ரத்தம் பார்த்து, குழாய் போட்டு, மருந்து எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கே திரும்பி வரலாம். உள்ளே நுழைந்ததுமே "இவர் இன்ன குழுவின் பராமரிப்பில் இருக்கிறார், வலியும் அவஸ்தையும் குறைவதற்காகத்தான் கொண்டு வந்திருக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள், குழு கொடுத்த நோட்டையும் காட்டுங்கள். சொல்லாமல் இருந்தால் அவசரப் பிரிவில் அவர்கள் வழக்கமாகச் செய்கிற எல்லாவற்றையும் செய்யத்தான் ஆரம்பிப்பார்கள்.


அம்மிணி:

அண்ணா, படிக்கும்போது எங்கள் அம்மாவையே பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் வீடு அவிநாசிப் பக்கம். அம்மாவுக்கு ஈரல் வரைக்கும் பரவியிருந்தது. கடைசி மாதத்தில் இரண்டு தடவை இப்படி ஆனது. முதல் தடவை மலம் அடைத்திருந்தது, எனிமா கொடுத்ததும் மறுநாளே தெளிந்துவிட்டார். இரண்டாவது தடவை தெளியவில்லை, அது நோயின் போக்கு என்று டாக்டர் சொன்னார். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தது. அதனால் காரணம் என்ன என்று தேடாமல் யாரும் முடிவு சொல்லக்கூடாது என்று நினைக்கிறேன்.

மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். இன்று ராத்திரியை எப்படிக் கடப்பது என்று சொல்கிறேன். விளக்கை மொத்தமாக அணைக்காதீர்கள். இருட்டில் கொடியில் தொங்குகிற துண்டுகூட ஆள் மாதிரி தெரியும். சின்ன விளக்கு ஒன்று எரியட்டும், கடிகாரம் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும். அப்பா கண்ணாடி போடுகிறவரா, காது மிஷின் வைக்கிறவரா? முழித்திருக்கும்போது அதைப் போட்டுவிடுங்கள். பார்க்க வருகிறவர்களை வாசலோடு நிறுத்துங்கள், பங்காளி வீட்டார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஒரு சமயத்தில் ஒருவர்தான் பக்கத்தில் இருக்க வேண்டும், அதுவும் அவருக்குப் பழகின குரலாக.

பெரியப்பா நிற்கிறார் என்று சொன்னால் "அவர் செத்துப் பத்து வருஷமாச்சு" என்று திருத்தாதீர்கள். எங்கள் அம்மா அவருடைய அம்மாவைத் தேடினார். ஒவ்வொரு தடவையும் "அம்மாயி இல்லைம்மா" என்று என் தங்கை சொல்லச் சொல்ல, அப்போதுதான் சாவுச்செய்தி கேட்ட மாதிரி ஒவ்வொரு தடவையும் அழுதார். பார்த்து பயப்படவில்லை என்றால் அந்தக் காட்சிக்கு மருந்தும் தேவையில்லை. மடை மாற்ற வேண்டும் என்றால் "நான் மாத்திட்டு வந்துட்டனுங்கப்பா, தண்ணி நேராப் பாயுது" என்று சொல்லுங்கள். பொய் சொல்கிறோமே என்று மனசு உறுத்த வேண்டாம். அவருக்கு அந்த வேலை முடிந்தது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கட்டிலில் கட்டிப்போடாதீர்கள். கட்டினால் இன்னும் முரண்டுவார். கட்டிலை எடுத்துவிட்டு மெத்தையைத் தரையிலேயே போட்டால் விழுகிற பயம் இல்லை. தூக்க மாத்திரை யாராவது கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள், சில பேருக்கு அது குழப்பத்தை இன்னும் கூட்டிவிடும். இதற்கென்று ஹாலோபெரிடால் என்று ஒரு மருந்து இருக்கிறது, எங்கள் டாக்டர் அதைத்தான் சின்ன அளவில் கொடுத்தார்.

அம்மாவைச் சாப்பிட வையுங்கள் அண்ணா. "நீ யாரு" என்று கேட்டது அப்பா இல்லை, நோய் கேட்டது என்று யாராவது பெரியவர்கள் அவரிடம் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.


தடப்பள்ளி:

நர்ஸக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. நீங்கள் சொன்னபடி போய்ப் பார்த்தேன், அடிவயிறு கல் மாதிரி இருந்தது. அம்மாவிடம் கேட்டால் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து துணி நனையும் அளவுக்குத்தான் போயிருக்கிறார், நெஞ்சுக்குள் சொல்லத் தெரியாமல் வைத்திருந்தார். காலைத் தூக்கச் சொன்னேன், இரண்டையும் தூக்கினார், பலம் போன வாரம் மாதிரியேதான். சாயங்காலம் எங்கள் நர்ஸம்மாவே போன் செய்து, பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் இருந்தவர் அப்படியே கிளம்பி வந்துவிட்டார். குழாய் போட்டதும் பை நிறைய வந்தது, ஒரு லிட்டருக்கு மேல். வந்துகொண்டிருக்கும்போதே அப்பா முகத்தில் இருந்த இறுக்கம் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். சித்தப்பா வெளியே போய் நின்று அழுதார்.

டாக்டரிடம் நர்ஸம்மாவே போனில் பேசினார். மார்பின் பாதி அளவு, நாலு மணிக்குப் பதில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி வந்தால் இடையில் ஒன்று கொடுத்துக்கொள்ளலாம், ஆனால் எழுதி வைக்க வேண்டும். ராத்திரிக்கு ஹாலோபெரிடால் சின்ன அளவு. சளி மாத்திரை நிறுத்தியாகிவிட்டது. மறுநாள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரொம்ப அதிகம்.

இரண்டாம் நாள் காலையில் அம்மாவைப் பார்த்து "ஏ புள்ள, காப்பி வெச்சியா" என்று கேட்டார். கை வெட்டுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. பெரியப்பா மட்டும் சாயங்கால வேளையில் இன்னும் வருகிறார். அம்மிணி சொன்ன மாதிரி நாங்கள் அவரை வரச் சொல்லி உட்கார வைக்கிறோம்.

இப்போது அடுத்த கேள்வி வந்துவிட்டது. குழாய் போட்டும் சிறுநீரகம் முழுசாகத் திரும்பவில்லை, மூத்திரப்பைக்கு மேலேயே, சிறுநீர் இறங்கி வருகிற வழியைக் கட்டி அமுக்கியிருக்கலாம் என்கிறார் டாக்டர். கோயமுத்தூரில் முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்கே குழாய் போடலாம், கொஞ்ச நாள் கூடலாம், ஆனால் நோய் நிற்காது, அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும் என்று இரண்டையும் சொல்லிவிட்டு யோசிக்கச் சொன்னார். அப்பா தெளிவாக இருந்த நேரத்தில் நானே கேட்டேன். "என்ற கட்டலு இங்கதான், வேற எங்கயும் போகலை" என்றார். முன்பே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை.


பொள்ளாச்சி மருமகள்:

உங்கள் அப்பா வாயாலேயே சொல்லிவிட்டார், அது பெரிய கொடுப்பினை. எங்கள் மாமனார் சொல்லாமலே போய்விட்டார், நாங்களும் கேட்க பயந்தோம். மூச்சுத் திணறல் வந்த ராத்திரி வீட்டில் எல்லோருக்கும் கை கால் ஓடவில்லை, 108-ஐக் கூப்பிட்டு, அங்கிருந்து கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, கடைசி நாட்களை ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டியிருந்தார்கள். அங்கே இருந்தவர்கள் அவர்கள் வேலையைச் செய்தார்கள். அவருக்கு அது தேவையா என்று எங்களிடம் உட்கார்ந்து பேச ஒருவர்கூட இல்லை என்பதுதான் இன்று வரை ஆறாத வருத்தம்.

அதனால் மாமாவை எதிர்த்துப் பேசாமல், அப்பா பக்கத்தில் உட்கார வைத்து அப்பா வாயாலேயே கேட்க வையுங்கள். டாக்டர் வரும் நாளில் மாமாவும் இருக்கட்டும். அப்பா சொன்னதை ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தோ ரேகையோ வாங்கி, குழு கொடுத்த நோட்டோடு வையுங்கள். செயற்கை மூச்சு மாதிரியான சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க ஒருவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது, 2023-இல் அந்த நடைமுறையை இன்னும் எளிதாக்கியது. முறைப்படி செய்வதென்றால் இரண்டு சாட்சியும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்தும் வேண்டும். அது முடியாவிட்டாலும் வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தாள் இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியிருக்காது.

இன்னொன்று, மார்பின் தீர்ந்துபோகிற வரைக்கும் விடாதீர்கள். 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு அங்கீகாரம் வாங்கிய ஆஸ்பத்திரிகளில் கிடைக்கிறது, ஆனால் எல்லா மெடிக்கலிலும் இருக்காது. பொங்கல், தீபாவளி மாதிரி தொடர் லீவு வருகிறது என்றால் முன்கூட்டியே வாங்குங்கள்.


தடப்பள்ளி:

மாமா அப்பாவிடம் பேசினார். வெளியே வந்து எதுவும் சொல்லாமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார், மறுநாளிலிருந்து ராத்திரிக் காவலுக்கு அவரே வருகிறார்.

அப்பா இப்போது பெரும்பாலும் தூங்குகிறார். கூப்பிட்டால் கண் திறப்பார், ஆனால் ரெண்டு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. அத்தைமார்கள் பட்டினி போட்டுக் கொல்கிறோம் என்கிற மாதிரி பேசுகிறார்கள், குளுக்கோஸ் ஏற்றச் சொல்கிறார்கள். நர்ஸக்கா, இதற்கு என்ன பதில் சொல்வது? இனி என்னென்ன வரும் என்றும் சொல்லுங்கள். தெரியாமல் இருப்பதுதான் அதிக பயமாக இருக்கிறது.


காவிரிக்கரை நர்ஸ்:

அத்தைமாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: சாப்பிடாததால் உடம்பு தளரவில்லை, உடம்பு தளர்ந்ததால் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. இந்தக் கட்டத்தில் பசி இருக்காது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் அந்தத் தண்ணீர் காலிலும் நெஞ்சிலும்தான் போய் நிற்கும், மூச்சு வாங்கும், தொண்டையில் சளி கூடும். கேட்டால் கொடுங்கள், முழுசாக முழித்திருக்கும்போது, தலையைத் தூக்கி வைத்து, கரண்டியில் கொஞ்சமாக. காப்பியோ இளநீரோ எது பிடிக்குமோ அது. அரைத் தூக்கத்தில் வாயில் ஊற்றவே கூடாது, நேராக நுரையீரலுக்குப் போய்விடும். வாய் காய்வதுதான் அவருக்கு உண்மையான தொந்தரவு. சுத்தமான பஞ்சையோ மெல்லிய துணியையோ தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்துங்கள், உதட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய். இந்த வேலையை அத்தைமார் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஊட்ட வேண்டும் என்று வந்த கைக்கு ஒரு வேலை வேண்டும்.

பால் ஊற்றுகிற சடங்கு நம் பக்கத்தில் உண்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் பாலாடையில் ஊற்றாமல், பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வையுங்கள். எல்லோருக்கும் மனசு நிறையும், அவருக்கும் புரை ஏறாது.

இனி வரக்கூடியது. தூக்கம் கூடும், ஒரு கட்டத்தில் எழுப்ப முடியாது. அப்போதும் காது கேட்கும் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள், அவர் தலைமாட்டில் நின்று தோட்டப் பங்கீட்டுப் பேச்செல்லாம் வேண்டாம். மாத்திரை விழுங்க முடியாது, அதற்காக வலி மருந்தை நிறுத்திவிடக் கூடாது. தோலுக்கடியில் போடுகிற ஊசியாகவோ, தோலில் ஒட்டுகிற ஃபென்டனில் பட்டையாகவோ மாற்றுவார்கள். சிறுநீரகம் கெட்டவருக்கு மார்பினைவிட ஃபென்டனில் ஒத்துவரும். பட்டை மூன்று நாளைக்கு ஒன்று, ஒட்டிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது, சூட்டில் மருந்து அதிகமாக இறங்கும்.

மூச்சு ஒரு மாதிரி போகும். வேக வேகமாக வாங்கி, அப்படியே நிற்கும், நின்றுவிட்டது என்று நீங்கள் எழும்போது திரும்ப ஆரம்பிக்கும். கை கால் சில்லிட்டு, முட்டியில் நிறம் மாறும். தொண்டையில் கறகறவென்று சத்தம் வரும். கேட்கிற நமக்குத்தான் அது தாங்காது, அந்த மயக்கத்தில் அவருக்கு அது திணறலாகத் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பாதி அடங்கும். மிஷின் வைத்து ஆழமாக உறிஞ்ச வேண்டாம், அது அவரைத்தான் வருத்தும். சத்தத்தைக் குறைக்க கிளைக்கோபைரோலேட் என்று ஒரு ஊசி இருக்கிறது, சளி தேங்குவதற்கு முன்னாலேயே போட்டால்தான் பலன். மூச்சு வாங்கினால் ஜன்னலைத் திறந்து, சின்ன மின்விசிறியை முகத்துக்கு நேராக வையுங்கள்.

சிறுநீரகம் இப்படி இருக்கும்போது வலிப்பும் வரலாம். வந்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் விடுங்கள். சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பதால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்பிரே ஒன்றை எழுதி வாங்கி அலமாரியில் வைத்திருங்கள்.

நான் சொன்ன இந்த மருந்துகளை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு, எதற்கு எது, எவ்வளவு, யார் கொடுப்பது என்று டாக்டரிடமே எழுதி வாங்கி மூடியில் ஒட்டிவிடுங்கள். இன்றைக்கே கேளுங்கள் தம்பி. தேவைப்படுகிற நேரம் பெரும்பாலும் நடு ராத்திரியாகத்தான் இருக்கும், அப்போது கோபியில் கடை திறந்திருக்காது.

வீட்டில் இறப்பு நடந்தால் என்ன செய்வது என்றும் இப்போதே கேட்டு வையுங்கள். பார்த்துவந்த டாக்டர் வந்து உறுதி செய்து காரணம் எழுதித் தருவார், அதை வைத்து 21 நாளுக்குள் பதிந்துவிடலாம். போலீசுக்குச் சொல்ல வேண்டுமோ என்று சில வீடுகளில் பதறுவார்கள், நோயால் இயற்கையாக நடக்கிற இறப்புக்கு அது தேவையில்லை.


அம்மிணி:

அண்ணா, ஒன்றே ஒன்று. நீங்களும் மாமாவும் ராத்திரி முறை மாற்றிக்கொள்கிறீர்கள், சரி. அம்மாவுக்கும் ஒரு முறை வையுங்கள், பகலில் கொஞ்ச நேரம், கதவைச் சாத்திவிட்டு அப்பாவோடு தனியாக. எங்கள் வீட்டில் எப்போதும் கூட்டம், அப்பாவுக்கு அந்த நேரம் கிடைக்கவேயில்லை.


தடப்பள்ளி:

டாக்டரிடம் பேசிவிட்டேன். டப்பா யோசனையைக் கேட்டு நல்லது என்றார். ஊசி மருந்தும் ஃபென்டனில் பட்டையும் நாளைக் காலையில் நர்ஸம்மா கொண்டு வருகிறார், தோலுக்கடியில் ஊசி போட எனக்கும் மாமாவுக்கும் சொல்லித் தருவாராம். ஸ்பிரேவை இன்று சாயங்காலம் ஈரோட்டிலிருந்து தம்பி வாங்கி வருகிறான்.

அத்தைமாரிடம் பஞ்சையும் கிண்ணத்தையும் கொடுத்துவிட்டேன். பெரிய அத்தை இப்போது அப்பா பக்கத்தை விட்டு எழுவதே இல்லை. மத்தியானம் சாப்பிட அவரை எழுப்பி அனுப்பிவிட்டு, அம்மாவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறோம்.